பழைய காரும் ஊகத்தின் விலையும்

கொழும்பிலிருந்து ஹைலெவல் வீதியால் வந்து நுகேகொடையைக் கடந்து மஹரகமை நோக்கிச் செல்பவர்களுக்குத் தெல்கந்தையைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. வாகன உதிரிப்பாகம் என்றால் முன்னர் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையே எவருக்கும் நினைவுக்கு வரும். இன்று எமது புறநகர்வாசிகளில் பலர் அவ்வளவு தூரம் போகாமல் தெல்கந்தையிலேயே தேவையை முடித்துக்கொள்கிறார்கள். அங்குள்ள கடைகளில் சற்று நேரம் நின்று கவனித்தால், கையில் ஒரு சிறிய கறுப்பு பிளாஸ்ரிக் பாகத்தை வைத்துக்கொண்டு, இதைப் போன்ற ஒன்று இருக்கிறதா என்று கடை கடையாக ஏறி இறங்குபவர்களைக் காணலாம். பல சந்தர்ப்பங்களில் அந்தப் பாகம் த்ரொட்டில் பொசிஷன் சென்சராக இருக்கும். அது உண்மையிலேயே பழுதடைந்துவிட்டதா, யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்டால், "பாஸ் சொன்னார்" என்ற பதில்தான் வரும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதிலே.

இலங்கையின் நடுத்தர வர்க்கத்தினருக்குக் காரை மாற்றுவது எளிதான காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானில் பாவிக்கப்பட்ட கார்கள் 'றீகண்டிஷன்' என்ற பெயரில் பெருமளவில் வரத் தொடங்கின. அந்நியச் செலாவணியைப் பாதுகாப்பதற்கென்று 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அடுத்து 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி வந்தது. தனியார் பாவனைக்கான கார்கள் மீதான தடை 2025 பெப்ரவரி முதலாம் திகதி நீக்கப்பட்டபோது, வரிகளும் ரூபாவின் மதிப்பிறக்கமும் சேர்ந்து விலைகளை மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தன. ஆகவேதான் கால் நூற்றாண்டைக் கடந்த கொறோலாக்களும் சன்னிகளும் சிவிக்குகளும் இன்னமும் எமது வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓடவைப்பதற்கு ஒரு குடும்பம் செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் பிள்ளையின் ரியூஷன் கட்டணத்திலிருந்தோ மருந்துச் செலவிலிருந்தோ பிடுங்கப்படுகிறது. ஊகத்தின் பேரில் ஒரு பாகத்தை மாற்றுவது அந்தக் குடும்பத்துக்கு இழைக்கப்படும் அநியாயம் என்பது எனது அபிப்பிராயம்.

பழைய கார்களுக்கு வரும் நோய்களில் மிகவும் பொதுவானது, வாகனம் நிற்கும்போது இயந்திரம் சீராக ஓடாமை. பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும்போது கார் உதறுகிறது. குளிரூட்டியைப் போட்டதும் இயந்திரத்தின் மூச்சு அடங்குகிறது. சில வேளைகளில் நின்றே விடுகிறது. இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவற்றின் இயந்திரம் சூடேறிய நிலையில் நிமிடத்துக்கு 650 முதல் 800 சுழற்சி வரை அமைதியாக ஓடவேண்டும். அந்த ஓட்டத்தைப் பல உறுப்புக்கள் சேர்ந்து காக்கின்றன. அக்சிலரேற்றரை மிதிக்காதபோது த்ரொட்டில் தகடு ஏறத்தாழ மூடியிருக்கும். அப்போது தேவைப்படும் சிறிதளவு காற்றை, தகட்டைச் சுற்றிச் செல்லும் ஒரு பக்கவழியினூடாக 'ஐடில்' வால்வு அளந்து விடுகிறது. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அறிவிப்பது மட்டுமே த்ரொட்டில் சென்சரின் வேலை. பழைய கார்களில் அது மூன்று கம்பிகள் கொண்ட எளிய சாதனம். ஒன்றில் ஐந்து வோல்ற்று வரும், ஒன்று நிலக்கம்பி, மூன்றாவது கம்பி செய்தியைக் கொண்டுபோகும். தகடு மூடியிருக்கையில் ஏறத்தாழ அரை வோல்ற்று; முழுமையாகத் திறக்கையில், வாகன வகையைப் பொறுத்து, மூன்றரைக்கும் நாலரைக்கும் இடைப்பட்ட அளவு. இடையில் எங்கும் துள்ளாமல் விழாமல் சீராக ஏறவேண்டும். சில ஆயிரம் ரூபா பெறுமதியான மீற்றர் ஒன்று இருந்தால் ஐந்து நிமிடங்களில் அளந்துவிடலாம்.

அந்த ஐந்து நிமிடங்களைச் செலவிடாமல் பாகத்தை மாற்றச் சொல்வதற்குக் காரணமாக அமைவது பெரும்பாலும் கணினி தரும் பழுதுக் குறியீடு. 1990களின் ரொயோட்டா கார்களில் சோதனைப் பெட்டியின் இரு முனைகளைக் கம்பியால் இணைத்தால், இயந்திர எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு ஒளிர்ந்து இலக்கத்தைச் சொல்லும். நாற்பத்தொன்று என்றால் த்ரொட்டில் சென்சர். அமெரிக்கா 1996ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாக்கிய பொது முறையில் பி 0120 முதல் பி 0123 வரையான குறியீடுகள் இதற்குரியவை. ஆனால் இக்குறியீடு உண்மையில் சொல்வது என்ன? "இந்தக் கம்பியில் எனக்கு வரும் செய்தி முறைப்படி இல்லை" என்பது மாத்திரமே. சென்சர் தேய்ந்திருக்கலாம், கம்பி உள்ளே முறிந்திருக்கலாம், இணைப்பியின் ஊசி துருப்பிடித்திருக்கலாம், நிலக்கம்பி தளர்ந்திருக்கலாம். பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் பெயர் குறிப்பிடாத தொலைபேசி அழைப்பைப் போன்றது அது. அந்த அழைப்பை அலட்சியம் செய்யும் ஆசிரியர் நல்லவரல்ல. விசாரிக்காமல் மறுநாள் தலைப்புச் செய்தியாக்கும் ஆசிரியர் அவரைவிட ஆபத்தானவர்.

வெள்ளவத்தையில் கடற்கரையோரமாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பரொருவரின் கொறோலாவுக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். கார் காலி வீதி நெரிசலில் உதறி உதறி நின்றது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது, நாற்பத்தொன்று வந்தது. ஒரு கராஜில் பாவித்த சென்சர் ஒன்றை வாங்கிவரச் செய்து மாற்றினார்கள். ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. அது நல்ல சென்சர் இல்லை என்று இன்னொன்றை வாங்கிவரச் சொன்னார்கள். அதன் பின்னர் கணினிப் பெட்டியையே மாற்றவேண்டும் என்றார்கள். அந்தக் கட்டத்தில்தான் அவர் கொட்டாஞ்சேனையில் உள்ள வயதான ஒரு பாஸிடம் காரைக் கொண்டுபோனார். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, சென்சருக்குச் செல்லும் கம்பியை மெல்ல அசைத்துக்கொண்டு மீற்றரைப் பார்த்தார். ஐந்து வோல்ற்று அறுந்து அறுந்து வந்தது. இணைப்பியைத் திறந்தபோது ஓர் ஊசி பச்சைப் பாசி பிடித்தாற்போல் அரித்துப்போயிருந்தது. கடலுப்புக் காற்றின் கைவரிசை. ஐடில் வால்வைக் கழற்றினால் அதன் வாய் கரியால் பாதி அடைபட்டிருந்தது. இரண்டையும் சுத்தம் செய்து, கம்பியின் நுனியை மாற்றிக்கட்டினார். காரோடு ஜப்பானிலிருந்து வந்த முதல் சென்சரை நண்பர் எறியாமல் வைத்திருந்தார். அதை அளந்து பார்த்துக் குறையில்லை என்று கண்ட பாஸ், அதையே திரும்பப் பூட்டினார். கார் இன்றும் ஓடுகிறது. வீணாக வாங்கிய பாகங்களுக்குச் சென்ற பணம் அவரது ஒரு மாத ஓய்வூதியத்துக்குக் குறையாதது.

இன்னொரு விடயத்தையும் அந்த பாஸ் எங்களுக்குக் காட்டினார். இவ்வகை சென்சரைப் பூட்டும் திருகுத் துளைகள் நீள்வடிவானவை. அங்குமிங்கும் திருப்பி, ஃபீலர் கேஜை இடையில் செருகி, தகடு மூடியிருப்பதைக் கணினி சரியாக உணரும் நிலையில் வைத்தே இறுக்கவேண்டும். கண்மதிப்பில் பூட்டினால் புத்தம் புதிய சென்சரும் பொய் சொல்லும். இயந்திரம் ஓய்வாக ஓடுகிறது என்பதே கணினிக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே பழைய கார் உதறத் தொடங்கினால், செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போவதே விவேகம். முதலில் சுழற்சி காட்டும் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்க உடல் மட்டும் அதிர்ந்தால், குற்றம் இயந்திரத்தைத் தாங்கும் றப்பர் 'மவுண்ற்'களில் இருக்கக்கூடும். முள்ளும் ஆடினால் காற்று வடிகட்டி, பிளக்குகள், அவற்றின் கம்பிகள் அல்லது கொயில்கள் ஆகியவற்றைப் பாருங்கள். பின்னர் றப்பர் குழாய்கள். எமது வெப்பத்தில் அவை காய்ந்து வெடிக்கும். வெடிப்பினூடாகக் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். சீறும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். ஒழுக்கைக் கண்டறியச் சூடான இயந்திரத்தின் மீது பெற்றோலைத் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தீயுடன் விளையாடுவது, ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அடுத்ததாக த்ரொட்டில் வாயையும் ஐடில் வால்வையும் அதற்குரிய திரவத்தால் சுத்தம் செய்விக்கலாம். கம்பி இழுவை இல்லாத, மின்மோட்டாரால் இயங்கும் த்ரொட்டிலாயின் தகட்டை விரலால் தள்ளக்கூடாது. நிசான் போன்ற சில கார்களில் சுத்தம் செய்த பின்னர் கணினிக்கு ஓய்வு ஓட்டத்தை மீண்டும் 'கற்பிக்க' வேண்டியும் இருக்கும். இவ்வளவுக்கும் பிறகுதான் சென்சரின் முறை வரும். அப்போதும் முதலில் அளவீடு, பிறகே மாற்றீடு.

இவற்றில் எதையும் செய்யாமல், த்ரொட்டிலின் அடியிலுள்ள திருகைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு வேகத்தைக் கூட்டி அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. இது கார்ப்ரேற்றர் காலத்தின் மிச்சம். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் காதால் கேட்டே சீராக்கிய மேதைகள் எம்மிடையே இருந்தார்கள். மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளை இலங்கையில் தயாரித்து இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த சார்ள்ஸ் வெயாரின் நிலையத்துக்கு அனுப்பும் அளவுக்கு எமது கைத்திறன் பிற்காலத்தில் மதிக்கப்பட்டது. அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் கணினி ஆளும் இயந்திரத்தில் அந்தத் திருகு தொழிற்சாலையில் வைக்கப்பட்ட நிலையில் இருக்கவேண்டியது. அதை முடுக்கினால் நோய் மறையும். எரிபொருட் செலவு ஏறும். 2008ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள வருடாந்தப் புகைப் பரிசோதனையின்போதாவது அது பல்லிளிக்கும்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட பழைய கார்களின் கையேடுகள் ஜப்பானிய மொழியில் இருக்கின்றன. மலிவான சோதனைக் கருவிகள் பல அவற்றுடன் பேசுவதே இல்லை. மொறட்டுவையிலுள்ள இலங்கை - ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் போன்றவற்றில் முறையாகப் பயின்றவர்கள் பலர் வளைகுடாவுக்கும் அதற்கப்பாலும் போய்விடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாகனச் சொந்தக்காரர்களாகிய எம்மிடமும் ஒரு குறை உண்டு. பாகத்துக்குப் பணம் கொடுப்போம், சிந்தனைக்குக் கொடுக்கமாட்டோம். ஒரு மணி நேரம் சோதித்து, "பாகம் எதுவும் தேவையில்லை, கம்பிதான் அரித்திருக்கிறது" என்று சொல்லும் பாஸிடம், "இதற்கா இவ்வளவு கூலி?" என்று கேட்பவர்கள் நாம்தான். நேர்மையாகச் சோதிப்பவர் பட்டினி கிடக்க, பாகம் மாற்றுபவர் பிழைக்கும் ஒரு முறைமையை நாமே வளர்த்துவிட்டோம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எம்மவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அங்கு 2002இல் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாகனத் திருத்தத்துக்கு முன்னதாக மதிப்பீடு வழங்கவேண்டும், இறுதிக் கட்டணம் அதைப் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது, கழற்றிய பாகங்களைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றெல்லாம் விதித்தது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. அரிசி விலையைக் கவனிக்கும் அந்தச் சபை, கராஜ்களுக்கும் இத்தகைய ஒழுங்கொன்றை வகுப்பது பெரிய காரியமல்ல.

அதுவரைக்கும் மூன்று வழக்கங்களை நாமே கைக்கொள்ளலாம். சோதனைக்கென்று தனிக் கூலியை முன்கூட்டியே பேசி, மனமுவந்து கொடுப்போம். எந்த சென்சரை மாற்றுவதாயினும் அதன் அளவீட்டைக் காட்டும்படி கேட்போம். கழற்றிய பழைய பாகத்தை வீட்டுக்கு எடுத்துவருவோம். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல பாஸும் கோபிக்கமாட்டார். தனது வேலையை மதிக்கும் ஒருவர் வந்திருக்கிறார் என்று மகிழவே செய்வார். நடு வீதியில் நின்றுபோகும் கார் பணப் பிரச்சினை மாத்திரம் அல்ல. நுகேகொடை வழியாகச் செல்லும் களனிவெளிப் புகையிரதப் பாதையின் கடவை ஒன்றில், பின்னால் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கையில், இயந்திரம் அணைந்துபோனால் என்னவாகும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த உயிர்களை ஊகத்தின் பொறுப்பில் விடமுடியாது.