நிழலில் எடுத்த அளவு, வெயிலில் நிற்கும் உடல்

சமவெளியில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்க வேண்டுமானால், வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது 45 டிகிரியைத் தொட வேண்டும். நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் எடுக்கப்படும் அளவு இது. அந்தப் பெட்டிக்குள் யாரும் செங்கல் சுமப்பதில்லை.

மனித உடலே ஓர் உலை. சும்மா அமர்ந்திருக்கையில் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை அது உண்டாக்குகிறது. மண்வெட்டி பிடித்தால், சுமையோடு சாரம் ஏறினால் 400 வாட்டைத் தாண்டும். தசை செலவிடும் ஆற்றலில் கால் பங்குகூட வேலையாவதில்லை; மற்றதெல்லாம் சூடு. காற்று தோலைவிடச் சூடேறிவிட்டால் அதை வெளியேற்ற வியர்வை ஒன்றே வழி. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை சொட்டும், ஆவியாகாது. தோலுக்கும் தசைக்கும் ஒருசேர இரத்தம் அனுப்ப இதயம் திணறுகிறது. உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் மூளை தடுமாறுகிறது. ஆகவேதான் வெயில், ஈரம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் ஐஎஸ்ஓ 7243 தரநிலை, வெயிலுக்குப் பழகிய உடலுக்கும் ஓய்வில் 33, கடும் உழைப்பில் 26 என வரம்பு வகுக்கிறது. இடையிலுள்ள ஏழு டிகிரிக்கு அரசின் எச்சரிக்கைகளில் இடமே இல்லை.

சூடு ஏறும்போது கை தானே தளரும். கால் நிழல் தேடும். இயற்கை தந்த இந்தப் பாதுகாப்பைத்தான் துண்டுக்கூலி பறிக்கிறது. உத்தரப் பிரதேசச் சூளைகளில் கல் அறுக்கும் குடும்பங்களுக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதே கூலி. வாங்கிய முன்பணமோ தலைக்கு மேல். நிழலில் அமரும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கணக்கில் பற்று. அவர்களிடம் போய், 'பகல் 12 முதல் 3 வரை வெளியே செல்லாதீர்' என்பது அறிவுரையா, ஏளனமா?

2024 மே மாதம் தில்லியில் அந்த மூன்று மணி நேரம் கட்டுமானத் தொழிலாளருக்குக் கூலியோடு ஓய்வு தருமாறு துணைநிலை ஆளுநர் உத்தரவிட்டார். கூலி என்ற சொல் இருந்தவரை வரவேற்கத்தக்கதே. ஆனால் எல்லை தாண்டி நொய்டாவில் கான்கிரீட் கொட்டுபவருக்கு அது செல்லாது. சில நாள்களில், ஜூன் 1 அன்று, கடைசிக்கட்ட வாக்குப்பதிவின்போது உத்தரப் பிரதேசத்தில் 33 தேர்தல் பணியாளர்கள் வெப்பத்தால் மாண்டதாக மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியே கூறினார். ஊர்க்காவல் படையினரும் துப்புரவுப் பணியாளரும் அவர்களுள் அடக்கம். அரசே வேலை வாங்கிய இடத்தில், நாடே பார்த்திருந்த நாளில் இந்தக் கதி. சூளையில் சாய்பவரை யார் எண்ணுவது?

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வேலை அறையின் வெப்பத்தைப் பற்றியே பேசியது. வயலும் சாலையும் அறைகள் அல்லவே! அதை விழுங்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமோ, பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனங்களைப் பொதுவாக வெளியே நிறுத்திவிட்டது. வெப்ப வரம்பாக ஓர் எண்ணைக்கூடச் சட்டத்தில் எழுதாமல் விதிகளுக்குத் தள்ளிவிட்டது. வெப்பத்தால் 2030இல் இந்தியா 5.8 சதவீத வேலைநேரத்தை இழக்கும் எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தபோது, முதலாளிகளின் ஏடுகள் உற்பத்தி போகிறதே என்று புலம்பின. அந்த நேரத்தின் கூலி யாருடையது என்று அவை கேட்கவில்லை.

வேலைத்தளத்திலேயே அளவீடு, வரம்பு மீறினால் கூலியோடு ஓய்வு, துண்டுக்கூலியினருக்கு அந்நேரத்துக்குச் சராசரிக் கூலி, புதிதாக வருவோருக்கு முதல் வாரம் இலேசான வேலை: இவற்றைச் சட்டமாக்கக் கோருவோம். உடல் வெயிலுக்குப் பழகவே ஒன்றிரண்டு வாரமாகும் என்பதைப் பல தோழர்களே அறிந்திருக்கவில்லை. கிளைகள் மே மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சாதாரண வெப்பமானி ஒன்று, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று போதும். பகல் 2 மணிக்குத் தளத்தில் எடுத்த இரண்டு அளவுகளையும் தேதியிட்டு, தொழிலாளர் துறைக்கான மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.