இரத்த உறவும் நூலுறவும்

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது நம் நாட்டு முதுமொழி. ஒருவனுக்கு இடுக்கண் வந்துற்ற காலத்து அவனோடு ஒரு குருதியிற் பிறந்தோர் வாளா இரார் என்னும் நம்பிக்கையே இம்மொழிக்கு அடிப்படை. யாமும் இளமைதொட்டு இதனைக் கேட்டு வளர்ந்தவர்களே. ஆயினும் தசை ஆடாத இடங்களும் உலகில் உண்டு. அவ்விடத்து ஒருவன் யாரிடம் செல்வான் என்று கேட்பின் முதுமொழி விடை பகர்வதில்லை. ‘காஞ்சிவரம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தை அண்மையில் இரண்டாம் முறையாகக் கண்ணுற்றபோது இவ்வினாவே எம் உள்ளத்தை விடாது பற்றிக்கொண்டது. முதன்முறை கண்ட காலத்து அதனை வறுமையைப் பற்றிய படமென்று எண்ணி, கண்ணீர் வடித்து, மறந்துவிட்டோம். இப்பொழுது எமது கருத்து வேறு.

அப்படத்தை இயக்கியவர் பிரியதர்சன்; மலையாளத்திலும் இந்தியிலும் நகைச்சுவைப் படங்களாற் பெயர்பெற்றவர். அவரிடமிருந்து இத்தகைய துயரப்படம் வருமென்று எவரும் எதிர்பார்த்திரார். 2008-ஆம் ஆண்டில் டொராண்டோ நகரத் திரைப்பட விழாவிற் காட்டப்பெற்று, 2009-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கொட்டகைகளுக்கு வந்தது. வாணிகப் படங்களுக்குரிய ஆரவாரம் இதனிடத்து இல்லை. 2007-ஆம் ஆண்டிற்குரிய தேசிய விருதுகளில் சிறந்த படத்திற்கான விருதை இது பெற்றது. வேங்கடம் என்னும் நெசவாளனாக நடித்த பிரகாஷ்ராஜும் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார்.

கதையைப் படம் பாராதார்பொருட்டுச் சுருங்கக் கூறுவாம். 1948-ஆம் ஆண்டு, மழை பெய்துகொண்டிருக்கிறது. சிறைவாசியாகிய வேங்கடத்தை இரண்டு நாள் விடுப்பிற் காவலர் ஊருக்கு அழைத்துச் செல்கின்றனர். வழிநெடுக அவனது கடந்த வாழ்வு விரிகின்றது. பட்டு நெய்து நெய்து கை தேய்ந்தவன் அவன். ஆயினும் தன் மனையாட்டியைப் பட்டுடுத்தி அழைத்துவர அவனால் இயலவில்லை. ஆதலின் மகள் தாமரை பிறந்தபொழுது, அவள் மணநாளிற் பட்டுடுத்தியே அனுப்புவேன் என்று அக்குழந்தையின் செவியிற் சத்தியம் செய்கிறான். காசு சேர்க்கிறான். சேர்த்ததையெல்லாம் தங்கையின் கணவன்பொருட்டுக் கொடுத்துவிட நேர்கிறது. பின் என் செய்வான்? முதலாளியின் நெசவுக்கூடத்திலிருந்து நாள்தோறும் சிறிது பட்டிழையை வாய்க்குள் ஒளித்துக் கொணர்ந்து, இரவில் ஒருவரும் அறியாவண்ணம் தன் தறியில் நெய்கிறான். அதே காலத்திற் கூலி உயர்வு வேண்டி நெசவாளர் ஒன்றுகூடுகின்றனர்; வேங்கடமே அவர்களுக்குத் தலைவனுமாகின்றான். வேலைநிறுத்தம் நிகழ்கிறது. நண்பன் பார்த்தசாரதியின் மகனுக்கும் தாமரைக்கும் மணம் பேசப்படுகிறது, நாள் நெருங்குகிறது, புடவையோ முடியவில்லை. இழை வேண்டுமாயின் நெசவுக்கூடம் திறக்க வேண்டும். ஆதலின் தான் தொடங்கிய வேலைநிறுத்தத்தைத் தானே கைவிட்டு வேலைக்குத் திரும்புகிறான். பின்னர் அகப்பட்டுச் சிறை புகுகின்றான்; பேசிய மணமும் நின்றுபோகின்றது. தாமரை கிணற்றில் வீழ்ந்து உடல் முடங்குகிறாள். அவளைக் காண்பதற்கே இந்த இரண்டு நாள் விடுப்பு. அவளை ஏற்றுக்கொள்ளுமாறு தங்கை வீட்டை வேண்டுகிறான், கதவு அடைபடுகின்றது. தன் கையாலேயே மகளுக்கு நஞ்சூட்டுகிறான். முடியாத பட்டைத் தறியிலிருந்து அறுத்துவந்து அவள் உடலின்மேற் போர்த்தினால், முகத்தை மூடக் கால் வெளிப்படுகிறது; காலை மூட முகம் வெளிப்படுகிறது.

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலாளியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவர். பட்டு நெய்பவன் பட்டுடுத்த இயலாமை கொடுமையே. அதனை யாம் மறுப்பதற்கில்லை. ஆனால் தாமரையின் சாவிற்கு அதுவொன்றே காரணமாயின், அவ்வூரில் நெசவாளர் வீடுதோறும் அத்தகைய சாவு நிகழ்ந்திருத்தல் வேண்டுமன்றோ? கூலி அனைவர்க்கும் ஒன்றே. மற்றையோரிடம் இருந்து வேங்கடத்தினிடம் இல்லாதுபோனது யாது? உடனிருந்து தாங்கும் தோழர். அவர்களும் அவனுக்கு இல்லாதிருந்தவர் அல்லர். ஒரு காலத்தில் அவன் சொல்லுக்காக அடுப்பு எரியாமல் இருந்தவர்கள். இரத்த உறவிற்குக் கொடுத்த வாக்கின்பொருட்டு அவர்களை அவன் கைவிட்டான். இறுதியில் அவன் சேமிப்பை முழுதும் வாங்கிக்கொண்ட இரத்த உறவோ அவனைக் கைவிட்டது. துன்பம் முடங்கிக் கிடந்த பெண்ணின் உருவில் வந்து நின்றபொழுது, தட்டுவதற்கு அவனுக்கு ஒரு கதவே எஞ்சியது. மற்றைக் கதவுகளை அடைத்தவன் அவனே. படத்தின் உண்மையான துயரம் இதுவென்பதே எமது துணிபு.

தங்கையை ஏசுவாரும் உளர். அவளை யாம் ஏசமாட்டோம். கணவன் வீட்டில் அவளுக்கு எவ்வளவு குரல் இருந்திருக்குமென்பது நம் வீடுகளில் வாழும் பெண்டிரைக் கேட்பின் விளங்கும்.

பிறிதொன்றும் சொல்லவேண்டும். அச்சத்தியம் பிறந்த குழந்தையைக் கேட்டுச் செய்யப்பட்டதன்று. அந்நஞ்சும் அப்பெண்ணின் சம்மதம் பெற்று ஊட்டப்பட்டதன்று. பிள்ளைமேல் வைத்த அன்பென்று நாம் போற்றுவதிற் பாதி, நம் இளமையில் நாம் அடைந்த மானக்கேட்டிற்குப் பிள்ளையின் உடலைக்கொண்டு ஈடுசெய்ய முயல்வதே. கடைசிக் காட்சியைக் கருணைக்கொலை என்று கொண்டாடுவோருடன் யாம் உடன்படுவதற்கில்லை.

இனி, காஞ்சிபுரத்துத் தறியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஏனெனில் யாம் சொல்லக் கருதிய நூலுறவு கற்பனையன்று. அவ்வூர்ப் புடவைக்குப் புகழ் தந்தது கோர்வை என்னும் வேலைப்பாடு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இவ்விரண்டும் இழையோடு இழை பிணைந்து நிற்கவேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் கைகொண்டு இதனை ஓட்டுவது அரிது. ஆதலின் நெய்பவர்க்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எறிந்துகொடுக்க மற்றொருவர் வேண்டும். ஒருவர் தாளம் தவறின் மற்றவர் உழைப்பும் பாழ். பாவு சீர்செய்வதும் அப்படியே. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து சென்றவர்கள், பட்டுப்பாவைத் தெரு நெடுகிலும் இழுத்துக் கட்டி, ஆணும் பெண்ணுமாகப் பலர் நின்று இழை பிரித்துச் சீர்செய்வதைக் கண்டிருப்பர். வீட்டில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் இத்தொழிலில் உளர். இன்று என் பாவிற்கு நீ கைகொடுத்தால் நாளை உன் பாவிற்கு நான் வருவேன். இவ்வுறவு பிறப்பால் வந்ததன்று. தொழிலால் வந்து, நாளடைவில் மாமன் என்றும் அக்காள் என்றும் அழைக்கும் முறையாகவே முதிர்ந்துவிடுவது. உறவினர் என்பதற்கு முன்னே உற்றார் என்றொரு சொல்லை நம் முன்னோர் வைத்துப் பேசியதும் கருதத்தக்கது. உற்றார் என்போர் வந்து பொருந்தியவர்.

இவ்வுறவு எக்காலத்தும் இனிதாகவே இருந்ததென்று சொல்லிவிட்டால் அது பொய்யாகும். தறியின் பக்கத்தில் அமர்ந்த அந்தத் துணையாள் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளையே. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக அப்பிள்ளை தறிக்கு அனுப்பப்பட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டிலேயே வந்திருந்தும், இந்தியப் பட்டுத்தொழிலில் அகப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிற் காஞ்சிபுரத்தின் பெயரும் இடம்பெற்றது. ஈன்றோரே அடகு வைத்த பிள்ளைகள் அவர்கள். இங்கும் தசை ஆடவில்லை, கடன் ஆடிற்று. பெற்ற உறவு தானே புனிதமாகிவிடாதது போல, உடனுழைக்கும் உறவும் தானே புனிதமாகிவிடுவதில்லை. விரும்பி ஏற்றுக்கொண்டதா, வேறு வழியின்றிக் கட்டுண்டதா என்பதே வினா.

விரும்பி ஏற்ற உறவு என்ன செய்யவல்லது என்பதைக் காட்ட மற்றொரு படத்தைக் காஞ்சிவரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் நலம். ராம் இயக்கிய ‘பேரன்பு’ 2018-ஆம் ஆண்டில் ராட்டர்டாம் விழாவிற் காட்டப்பெற்று, 2019-ஆம் ஆண்டிற் கொட்டகைகளுக்கு வந்தது. அதிலும் ஒரு தந்தை; அதிலும் ஒரு மகள். அமுதவனாக மம்மூட்டியும், மூளை முடக்குவாதமுற்ற மகள் பாப்பாவாகச் சாதனாவும் நடித்தனர். தாய் விட்டுச் செல்கிறாள். சுற்றத்தார் அப்பெண்ணைத் தங்களிடை வைத்திருக்க ஒருப்படுவதில்லை. இடம் இடமாக அலைந்து, ஒன்றும் இயலாதாகி, மகளையும் உடன்கொண்டு தந்தை கடலுள் இறங்குகிறான். இதுவரையில் வேங்கடத்தின் வழியே அமுதவன் வழியும். ஆனால் இங்கே ஒரு கை நீள்கின்றது. அக்கை தங்கையின் கையன்று, மைத்துனன் கையன்று. மீரா என்னும் திருநங்கையின் கை. தன் வீட்டாராற் புறந்தள்ளப்படுதல் யாதென்பதை அறிந்தவளாதலின் அவளுக்கு அங்கே நடப்பது விளங்கிற்று. மூவரும் ஒரு குடும்பமாகின்றனர். அஞ்சலி அமீர் என்னும் திருநங்கை நடிகையே அப்பாத்திரத்தை ஏற்றார் என்பதையும் சொல்லாதிருக்க முடியவில்லை.

இரு தந்தையரிடத்தும் அன்பிற்குக் குறைவில்லை. இருவர்க்கும் துன்பமும் ஏறத்தாழ ஒன்றே. நஞ்சிற்கும் கரைக்கும் இடையே நின்றது ஓர் அயலார் மட்டுமே.

இங்கே எம்மை மறுப்பார் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: “திரைப்படத்தில் மீரா வருவாள், வாழ்க்கையில் யார் வருவார்?” கேள்வி நியாயமானதே. கடற்கரையில் தற்செயலாக ஒருவர் நிற்பார் என்று நம்பி எவரும் பிள்ளை வளர்க்க முடியாது. ஆதலாற்றான் அவ்வுறவைத் துன்பம் வருமுன்னரே தேடி நெய்துகொள்ள வேண்டும் என்கிறோம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வேறென்ன? இக்காலத்தார் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைக்கும் சங்கம் 1935-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. விரும்பிச் சேர்ந்தவர்கள் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்பது என்பதே அதன் உட்கருத்து. சங்கங்களில் ஊழலும் கட்சிப்பூசலும் புகுந்த கதைகளை யாமும் கேட்டிருக்கிறோம். உடன்பிறந்தாரிடையே பாகவழக்கு இல்லையா என்ன? சட்டமும் ஓரளவு வழி திறந்துள்ளது. மூளை முடக்குவாதம், புறவுலகச் சிந்தனையின்மை முதலியவை உற்றோர்க்கென 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பெற்றோர் தாம் தேர்ந்த எவரையும் பிள்ளைக்குப் பாதுகாவலராக நியமிக்குமாறு மாவட்டத்திலுள்ள குழுவிடம் விண்ணப்பிக்கலாம். உறவினராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. எமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார் என்று இரவெல்லாம் உறங்காதிருக்கும் பெற்றோரை யாம் அறிவோம்; அவர்களிற் பலர் இச்சட்டத்தைக் கேட்டதுமில்லை.

காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசுகையில் அவ்வூரில் 1909-ஆம் ஆண்டில் நெசவுக் குடும்பத்திற் பிறந்த அண்ணாதுரையின் நினைவு வருகிறது. தமக்கு மக்கட்பேறின்மையால் தமக்கையின் பேரக்குழந்தைகளை மக்களாக ஏற்று வளர்த்தவர் அவர். அவரது அரசியலை ஏற்பாரும் மறுப்பாரும் உளர்; அது நம் பொருளன்று. ஆனால் யாதோர் உறவுமில்லாத பல்லாயிரவர் அவரை அண்ணா என்று அழைக்கவும், அவர் அவர்களைத் தம்பி என்று விளித்துக் கடிதம் எழுதவும் ஆன அச்சொல் வழக்கு, நம் மக்கள் உறவை வளர்த்துக்கொள்ள எவ்வளவு ஆயத்தமாயுள்ளனர் என்பதைக் காட்டுகின்றது.

நம் கல்லூரி விடுதியிலும் இவ்விஷயம் புதிதன்று. விடுமுறை வந்தால் மூட்டை கட்டி ஓடுவோரிடையே, போவதற்கு வீடிருந்தும் போக விரும்பாத சில மாணவரும் மாணவியரும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றனர். காரணத்தை அவர்கள் சொல்வதில்லை, கேட்பதும் முறையன்று. அவர்களைத் தம் வீட்டுப் பொங்கலுக்கு அழைத்துச் செல்லும் தோழர்களை யாம் கண்டிருக்கிறோம்.

ஆதலின் நம் கல்லூரித் திரைப்படக் கழகத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டில் இவ்விரு படங்களையும் ஒரே நாளிற் காட்டுக. காலையிற் காஞ்சிவரம், மாலையிற் பேரன்பு. இடையே உணவு நேரத்தை நீட்டித்து, நெசவுக் குடும்பங்களிலிருந்து வந்துள்ள நம் மாணவர் சிலரை, தம் வீட்டுத் தறியில் தம் பக்கத்தில் அமர்ந்து கரை நாடா எறிந்தவர் யாவர், அவர் இப்பொழுது எங்குள்ளார் என்று சொல்லக் கேட்போம்.