குற்றால சீசன்: கூட்டம் எவ்வளவு, வரவு எவ்வளவு?

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஆரியங்காவு கணவாய் வழியே ஈரக்காற்று இந்தப் பக்கம் வரும். செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் மூன்றிலும் சாரல் தூறும். அதே கணவாய் வழியாகத்தான் கொல்லம், புனலூர்ப் பக்கத்து வேன்களும் கார்களும் வருகின்றன. கோட்டைவாசலைத் தாண்டி, 'எஸ்' வளைவில் இறங்கினால் புளியறை. தமிழ்நாட்டின் முதல் ஊர்.

சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் புளியறை சோதனைச்சாவடியைக் கடக்கும் வண்டிகளைப் பார்த்தால், குற்றாலத்து வியாபாரிகள் எல்லாம் ஒரே நாளில் பணக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்றுதான் தோன்றும். சாயங்காலம் அதே சாலையில் நின்று பார்க்க வேண்டும். காலையில் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் திரும்பி ஏறிக்கொண்டிருக்கும். ஈரத் துண்டு ஜன்னலில் காயும். பின்சீட்டில் நேந்திரம் சிப்ஸ் பொட்டலமும், ஒரு பை மங்குஸ்தானோ ரம்புட்டானோ இருக்கும். குற்றாலத்துக்கு அவர்கள் விட்டுப்போன காசு ஏறக்குறைய அவ்வளவுதான்.

சுற்றுலா என்றாலே 'எத்தனை பேர் வந்தார்கள்' என்ற கேள்விதான் முதலில் வரும். தமிழ்நாட்டுக்கு 2019-இல் வந்த உள்நாட்டுப் பயணிகள் சுமார் 49 கோடி என்கிறது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம். கொரோனாவுக்குப் பின் 2021-இல் அது 11.5 கோடியாக விழுந்தது. 2022-இல் ஏறத்தாழ 22 கோடி, 2023-இல் 28.6 கோடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடிதான். அப்படியானால் 49 கோடி எப்படி? எண்ணப்படுவது வருகை, ஆள் அல்ல. ஒருவர் மதுரை, ராமேசுவரம், கன்னியாகுமரி என்று சுற்றினால் மூன்று இடத்துக் கணக்கிலும் இருப்பார்.

குற்றாலத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். அருவிக்கு வாசல் இல்லை, டிக்கெட் இல்லை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று கூட்டம் பிரிந்து நிற்கும். ஒரே குடும்பம் காலையில் ஐந்தருவியிலும் மதியம் பழைய குற்றாலத்திலும் குளிக்கும். வண்டி நிறுத்தக் கட்டணம் வண்டியின் கணக்கைச் சொல்லும். லாட்ஜ் பதிவேடு தங்கியவரின் கணக்கைச் சொல்லும். குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டு அப்படியே ஊர் திரும்புகிறவர் எந்த ஏட்டிலும் ஒழுங்காக விழமாட்டார்.

ஆனால் ஊரின் வரவு எத்தனை தலை என்பதில் இல்லை, எத்தனை இரவு என்பதில் இருக்கிறது.

இருபது அறை உள்ள ஒரு சாதாரண லாட்ஜை எடுத்துக்கொள்வோம். எண்கள் நாமாக வைத்துக்கொள்பவைதான். கணக்கு மட்டும் எந்த சீசன் ஊருக்கும் பொருந்தும். சீசன் 90 நாள். அதில் வார இறுதி இரவுகள் 26. அந்த 26 இரவும் அறைகள் நிரம்பி, அறைக்கு 2,500 ரூபாய் கிடைத்தால் 13 லட்சம் ரூபாய். மீதி 64 இரவும் பாதி அறை, 1,200 ரூபாய் வாடகை: 7 லட்சத்து 68 ஆயிரம். சீசன் இல்லாத 275 நாளும் தினம் மூன்று அறை, 700 ரூபாய்: 5 லட்சத்து 77 ஆயிரத்து 500. ஆக மொத்தம் ஆண்டுக்கு 26 லட்சத்து 45 ஆயிரத்து 500. சம்பளம், மின்கட்டணம், சலவை, பெயின்ட், கடன் வட்டி எல்லாம் இதற்குள்தான்.

இதையே 365 நாளுக்கும் 20 அறைக்கும் வகுத்தால், ஓர் அறை ஒரு நாளைக்குச் சம்பாதிப்பது 362 ரூபாய். ஹோட்டல் தொழிலில் இருப்பவர்கள் முதலில் பார்க்கும் எண் இதுதான். சீசன் சனிக்கிழமை ராத்திரி அறை கேட்டு அலைந்து, '2,500 ரூபாயா, கொள்ளை!' என்று புலம்புகிறவருக்கு அந்த 362 தெரியாது. அவர் புலம்புவதில் தப்பும் இல்லை. கட்டில் விரிப்பில் கறையும் குழாயில் வராத தண்ணீரும் இருக்கும்போது 2,500 கொள்ளைதான்.

பாருங்கள், ஆண்டு வரவில் ஏறத்தாழ பாதி 26 இரவுகளில் வருகிறது. அந்த இருபத்தாறில் இரண்டு வார இறுதி, அதாவது நாலு இரவு, காலியாகப் போனால் 2 லட்சம் ரூபாய் நஷ்டம். சீசன் இல்லாத ஒன்பது மாதமும் கதவைத் திறந்து வைத்துச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

அந்த நாலு இரவு எப்படிப் போகும்? மழையால்தான். மழை குறைந்தால் பாறை நனைந்திருக்கும், அருவி நூலாகும், யாரும் வரமாட்டார்கள். மழை கூடினால் பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டும். குளிக்கத் தடை போடுவார்கள். இரண்டுக்கும் நடுவே அளவான தண்ணீர் விழும் நாள்கள்தான் சீசன். லாட்ஜுகளுக்கு வரும் போன்களில் பாதி, 'தண்ணி விழுதா, குளிக்க விடுறாங்களா?' என்றுதான் ஆரம்பிக்கும். வாடகை பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

தடையைக் குறை சொல்லவே முடியாது. 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே பெய்த கோடைமழையில், பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். ஓடித் தப்பியவர்களின் செல்போன் வீடியோக்களைப் பார்த்த எவரும் காவலரின் விசிலை இடைஞ்சல் என்று நினைக்கமாட்டார்கள். கீழே வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழை அருவிக்கு வந்து சேரும். சிக்கல் தடை போடுவதில் இல்லை. தடை போட்டதும் எடுத்ததும் சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவருக்கு எப்போது தெரிகிறது என்பதில்தான். மலையில் பெய்த மழை, அருவியின் நிலை, தடை விவரம் மூன்றையும் விடிகாலையிலும் மாலையிலும் அதிகாரபூர்வமாக ஒரே இடத்தில் வெளியிட்டால், பாதி வதந்தி அடங்கும். பாதி முன்பதிவு பிழைக்கும்.

அருவியில் விடாத நாளில் கூட்டம் எங்கே போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டி, 'எங்களிடம் தடை இல்லை' என்று ஆள் சேர்த்த ரிசார்ட்டுகள் உண்டு. இயற்கையான நீரோட்டத்தை இப்படித் திருப்பும் தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மலைத் தண்ணீரை ஒருவர் வேலிக்குள் பிடித்து வைத்தால் கீழே இருக்கும் வயலுக்கும் குளத்துக்கும் அது குறையும். இதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே அதிகம்.

மழை செய்யாததைக் கொரோனா செய்தது. 2020, 2021 என்று இரண்டு சீசனும் முழுசாகப் போயின. புளியறையில் இ-பாஸ் கேட்டு வண்டிகளைத் திருப்பியனுப்பிய நாள்கள் அவை. லாட்ஜ்காரர்களாவது கடன் வாங்கித் தாக்குப்பிடித்தார்கள். எண்ணெய் மசாஜ் செய்கிறவர், துண்டும் ஜட்டியும் விற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாம் வேறு வேலைக்குப் போனார்கள். புள்ளிவிவரத்தில் 49 கோடி 11 கோடியானதன் அர்த்தம் இதுதான்.

வரி விஷயம் ஒன்று. நாள் வாடகை 1,000 ரூபாய்க்குள் இருந்த அறைக்கு 2022 ஜூலை 18 வரை ஜி.எஸ்.டி. இல்லை. அன்று முதல் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். வாடிக்கையாளருக்கு லாபம், ஆனால் விடுதிக்காரர் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

கேரளத்துக் குடும்பம் ஏன் தங்குவதில்லை? தூரம் குறைவு என்பதே முதல் காரணம். புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் 49 கிலோமீட்டர்தான். 2010-இல் மூடிய அந்த மீட்டர்கேஜ் பாதை 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. காலையில் கிளம்பினால் குளித்து, பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்டு, இருட்டும் முன் வீட்டுக்குப் போய்விடலாம். (1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை அந்தப் பக்கம் இருந்தது, எல்லை பிரானூரில் இருந்தது. எல்லை மலைமேல் போய்விட்டது, பெயர் மட்டும் புரோட்டாக் கடைகளோடு தங்கிவிட்டது.) சமீப காலமாக இன்னொரு நிறுத்தம் சேர்ந்திருக்கிறது: சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள். 'அந்நியன்' படத்துக்காக வண்ணம் தீட்டிய பாறையும் அங்கேதான். ஓணத்தை ஒட்டிப் பூக்கும் வயலில் செல்ஃபி எடுக்க வேன் வேனாக வருகிறார்கள். இளநீர்க்காரருக்கும் சோளக்கதிர் சுடுகிறவருக்கும் நல்ல வியாபாரம். செடி மிதிபட்ட விவசாயிக்குத்தான் அந்தக் கூட்டத்தால் பைசா லாபமில்லை.

ஓர் இரவு தங்கவைக்க இங்கே சரக்கு இல்லாமலில்லை. குற்றாலநாதர் கோயிலின் சித்திரசபை, தென்காசி கோபுரம், இலஞ்சிக் குமரன், பண்பொழி திருமலை, குண்டாறு அணை, புளியறையில் தட்சிணாமூர்த்தி சன்னதி. குளித்த ஈரத்தோடு இத்தனையையும் ஒரே பகலில் பார்க்க முடியாது. ஆனால் பெண்கள் உடைமாற்ற ஒழுங்கான அறை, சுத்தமான கழிப்பறை, இரவில் வெளிச்சம் இல்லாத இடத்தில் கைக்குழந்தையோடு வந்தவர்கள் எத்தனை கோயில் இருந்தாலும் தங்கமாட்டார்கள்.

கார்த்திகை பிறந்தால் இன்னொரு கூட்டம். சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள், வடகிழக்குப் பருவமழை நிரப்பிய அருவியில் குளித்துவிட்டுப் புளியறை வழியே மலையேறுவார்கள். வேனிலேயே தூங்கி, ரோட்டோரம் சமைத்துச் சாப்பிடுகிறவர்களும் அவர்களில் உண்டு. டீக்கடைக்கும் பழக்கடைக்கும் அது இரண்டாவது சீசன். லாட்ஜுக்கு அவ்வளவாக இல்லை.

அடுத்த சீசனுக்குக் கிளம்புகிறவர்கள் முடிந்தால் செவ்வாய், புதன் பார்த்துப் போகலாம். அறை பாதி விலைக்குக் கிடைக்கும், பேரருவியில் வரிசை குறைவு. முன்பதிவு செய்யும்போதே ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: குளிக்கத் தடை வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்று. காலி அறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, வார நாளுக்கு மாற்றித் தருவது அவர்களுக்கும் நல்லதுதான்.