ஓய்வு நேரம்: இரண்டாவது ஜாய்ஸ்டிக்

பழைய வீடியோ விளையாட்டுக்களைக் கணினியில் ஆடுவதற்கு ஜாய்ஸ்டிக்கை இணைக்கும் முறை யாது என்று அன்பர்கள் சிலர் வினவியுள்ளனர். பிள்ளைகளின் விடுமுறைக் காலத்துக்குப் பயன்படும் என்பதால் இத்திங்கள் அதனையே எழுத முற்படுகிறோம்.

நம் இளமை திருச்சி பொன்மலை இரயில்வே குடியிருப்பில் கழிந்தது. 2000ஆம் ஆண்டு தந்தையார் போனஸ் பணத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தார். 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட 'ஃபாமிகாம்' என்னும் பெட்டியின் நகல் அது என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தோம். மூலப் பெட்டியிற்போலவே இதிலும் 'ஸ்டார்ட்', 'செலக்ட்' பொத்தான்கள் முதல் ஜாய்ஸ்டிக்குக்கு மட்டுமே உண்டு. மூத்தவர் என்ற உரிமையால் முதலாவது நம் கையிலும், இரண்டாவது தம்பியின் கையிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தன. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் நமது அதிகாரம். அவன் தண்ணீர் குடிக்க எழுவதானாலும் நமது தயவை நாட வேண்டியிருந்தது.

நிற்க. எமுலேட்டர் என்பது பழைய பெட்டியின் வேலையைக் கணினியே செய்யுமாறு அமைத்த மென்பொருள். அவற்றுள் 'ரெட்ரோஆர்ச்' விலையின்றிக் கிடைப்பது. அது 'ரெட்ரோபேட்' என்ற ஒரு கற்பனை ஜாய்ஸ்டிக்கை நடுவில் வைத்துக்கொண்டு, எல்லாப் பழைய பெட்டிகளின் பொத்தான்களையும் அதனோடு பொருத்துகிறது. நம் கையிலுள்ள கருவியை ரெட்ரோபேடுக்கு அறிமுகம் செய்துவைப்பதே நமது வேலை.

முதலில் ஜாய்ஸ்டிக்கை யு.எஸ்.பி. துளையில் செருகிய பின்னரே மென்பொருளைத் திறத்தல் நலம். சில ஜாய்ஸ்டிக்குகளின் பின்புறத்தில் 'எக்ஸ்', 'டி' எனச் சிறு மாற்றி இருக்கும். விண்டோஸ் கணினியாயின் 'எக்ஸ்' பக்கம் தள்ளுக. பெரும்பாலும் அதன்பின் தானே அடையாளம் கண்டுகொள்ளும். காணாவிடில் 'செட்டிங்ஸ்', 'இன்புட்' வழியே 'போர்ட் 1 கன்ட்ரோல்ஸ்' பகுதிக்குச் சென்று 'செட் ஆல் கன்ட்ரோல்ஸ்' என்பதைத் தேர்க. அது ஒவ்வொரு பொத்தானாகக் கேட்கும். நாம் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்ட வேண்டும். முடிந்ததும் அமைப்பைச் சேமிக்க மறவற்க. மறந்தால் மறுநாள் மீண்டும் அதே பாடு.

இனிப் பலரும் இடறும் இடம். நின்டெண்டோ முறையில் 'ஏ' வலப்புறமும் 'பி' அதற்கு இடப்புறமும் இருக்கும். இன்று கடைகளில் மிகுதியாய்க் கிடைக்கும் எக்ஸ்பாக்ஸ் வகையிலோ 'ஏ' கீழே, 'பி' வலப்புறம். எழுத்தை நோக்கிப் பொருத்தினால் கட்டைவிரல் குழம்பும். இடத்தை நோக்கியே பொருத்துக. 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் 'பி'யை அழுத்தியபடியே ஓடி, அதே விரலைச் சாய்த்து 'ஏ'யால் தாவ வேண்டும். எக்ஸ்பாக்ஸ் வகையில் இடப்புறமுள்ள 'எக்ஸ்' பொத்தானைப் 'பி' ஆகவும், கீழுள்ளதை 'ஏ' ஆகவும் அமைத்தால் அச்சாய்வு கைகூடும்.

இருவர் ஆடுங்கால் 'போர்ட் 1', 'போர்ட் 2' இரண்டிலும் 'டிவைஸ் இண்டெக்ஸ்' என்னுமிடத்தில் வெவ்வேறு ஜாய்ஸ்டிக் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். இரண்டிலும் ஒன்றே இருப்பின் ஒருவர் கையசைவுக்கே இரு வீரரும் ஆடுவர்.

இவ்வாண்டு பொங்கலுக்குத் தம்பி நாகபுரிக்கு வந்திருந்தான். தந்தையார் ஓய்வுபெற்றுக் கட்டிய வீட்டை, அவர் காலமானபின் அவனைக் கேளாமலே வாடகைக்கு விட்டோம். அதுமுதல் மூன்றாண்டுகளாகத் தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகள் இருவரையும் ஆட அழைத்தனர். இருவர் ஆடுவதற்கென இலவசமாய் வழங்கப்பெறும் 'சூப்பர் டில்ட் ப்ரோ' கணினியில் இருந்தது. தம்பி ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, "அண்ணா, வழக்கம்போல் எனக்கு இரண்டாவதுதானே?" என்றான். நகைப்பாகவே கேட்டான், நமக்கு நகைப்பு வரவில்லை. அமைப்பைத் திறந்து அவனுடையதைப் 'போர்ட் 1'இல் வைத்து, "நீயே ஸ்டார்ட் அழுத்தப்பா" என்றோம்.

மூன்று ஆட்டங்களிலும் நாமே தோற்றோம். அன்றிரவு உணவுக்குப்பின் வீட்டைப் பற்றிய பேச்சை அவனே தொடங்கினான். முடிவு இன்னும் ஏற்படவில்லை. ஆயினும் பேச்சு நிற்கவில்லை.

பழைய ஆட்டங்களுக்கு இன்றும் பதிப்புரிமை உண்டு. ஆதலின் முறையாக வழங்கப்படுவனவற்றையே நாடுக. ஜாய்ஸ்டிக் வாங்கும் அன்பர்கள் இரண்டாக வாங்குக. இரண்டிலும் ஸ்டார்ட் பொத்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க.