மலர் தேடி ஒரு மலைப்பயணம்

சித்திரை பிறக்கப் போகின்றதென்பதை நாட்காட்டி அறிவிக்கு முன்னரே முள்முருக்கு அறிவித்துவிடுகின்றது. இலைகளை உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் அம்மரத்தின் கிளையை யாழ்ப்பாணத்தவர் கலியாண வீட்டிற் கன்னிக்காலாக நடுவர். சிங்கள மக்களோ, அது பூத்ததைக் கண்டும் குயில் கூவியதைக் கேட்டும் புத்தாண்டு வந்துவிட்டதென்று மகிழ்வர். ஒரே மரம் இரு வீட்டாருக்கும் மங்கலச் செய்தி சொல்லுகின்றது.

அச்செய்தி கிடைத்ததும், சென்ற சித்திரை விடுமுறையில் நாமும் குடும்பத்தோடு மோட்டார் வண்டியில் மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். வாசகர்களிற் பலர் அடுத்த விடுமுறையில் அவ்வழியே செல்லக்கூடும். ஆகையால், நாம் கண்டவற்றையும், நாம் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதுகின்றோம்.

கொழும்பிலிருந்து செல்வோருக்குக் கண்டி நகரை அடையுமுன்னரே பேராதனைப் பூங்கா எதிர்ப்படும். 1821ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இப்பூங்கா ஏறக்குறைய 147 ஏக்கர் பரப்புடையது. மகாவலி கங்கை இதனை வளைத்துக்கொண்டு ஓடுகின்றது. பர்மா நாட்டிலிருந்து வந்த அம்ஹேர்ஸ்தியா என்னும் மரம் இங்கே ஆண்டின் முற்பகுதியிற் பூக்கும். செந்நிறப் பூக்கள் மஞ்சட் பொட்டிட்டுக்கொண்டு சரவிளக்குப் போலத் தொங்குவதைப் பார்த்தவர் எளிதில் மறவார். ஓர்க்கிட் மலர்களுக்கென்று தனி வீடொன்றும் உண்டு. வடபகுதி வாசகர்களுக்கு வேறொரு வியப்பும் காத்திருக்கின்றது: நமது பனைகளே இருபுறமும் வரிசையாய் நிற்கும் சாலை ஒன்று! வேலிக்கருகில் நாளும் பார்க்கின்ற பனையை அங்கே விருந்தாளியாகக் காணும்பொழுது, அதன் கம்பீரம் புதிதாய்த் தோன்றுகின்றது.

பேராதனையை விட்டுக் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக வீதி மலையேறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் காடு வெட்டித் திருத்திய பூமி இது. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை வந்தது. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கம்பளம் விரித்தாற் போலத் தெரிவது அவர்களுடைய உழைப்பு.

நுவரெலியா 6,128 அடி உயரத்தில் உள்ளது. ஏப்பிரல் மாதத்தில் அங்கே வசந்த காலம். விக்டோரியா மகாராணி அரசேறி அறுபது ஆண்டு நிறைந்ததை 1897ஆம் ஆண்டிற் கொண்டாடியபோது, அதன் நினைவாகப் பெயர் பெற்றது விக்டோரியாப் பூங்கா. ரோசாவும் தேலியாவும் அங்கே நிறம் நிறமாய்ப் பூத்திருந்தன. மலர்க் கண்காட்சியும் வசந்த விழாவும் நடக்கும் அந்நாட்களில் ஊர் சனத்திரளால் நிரம்பிவிடும். அமைதியை நாடுவோர் காலையிலேயே பூங்காவுக்குச் சென்றுவிடுதல் நன்று.

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வீதியில், சீதையம்மன் கோயிலைத் தரிசித்துச் சற்றுத் தூரம் சென்றால் ஹக்கலைப் பூங்கா. அசோகவனம் இதுவே என்பது இப்பகுதியாரின் நம்பிக்கை. வரலாறோ வேறொரு செய்தி சொல்லுகின்றது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா கிடைக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காகவே 1861ஆம் ஆண்டில் இவ்விடத்தைத் தேர்ந்தனர். மருந்துத் தோட்டமாய்த் தொடங்கியது பின்னர் மலர்த் தோட்டமாயிற்று. இப்போது ரோசாவே இதன் பெருமை.

அடுத்தநாள் விடியுமுன் எழுந்து ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள இப்புல்வெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசிய வனமாகும். பிந்திச் சென்றால் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடும். செந்நிறப் பூக்கொத்துகளைத் தாங்கும் ரொடொடெண்ட்ரன் மரங்கள் காற்றில் வளைந்து நிற்கின்றன. மஞ்சட் பூப்பூக்கும் முட்புதர் ஒன்றையும் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர். ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து கொணரப்பெற்றுப் பரவிவிட்ட களை. இவ்விடத்துச் செடிகளை நெருக்குவது. அழகாயிருப்பவையெல்லாம் நல்லவையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இங்கு நெலு என வழங்குவது, தமிழர் நன்கறிந்த குறிஞ்சியின் இனமாகும். அவற்றுட் சில பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறையே பூப்பவை. 2013ஆம் ஆண்டில் இச்சமவெளியிற் பெருந்திரளாய்ப் பூத்தன. பூத்து, விதைத்து, அத்தோடு செடி மடிந்துவிடும். ஆகவே அப்பூவை ஒருவர் ஒடித்தால், பன்னிரண்டாண்டுக் காத்திருப்பையும் அதன் பிள்ளைகளையும் சேர்த்தே ஒடிக்கின்றார். நாம் சென்றது அது பூக்குங் காலமன்று. எனினும் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம்.

இனி நமது பிழை. திரும்பும் வழியில் இறம்பொடைக்கு மேலே, வளைவொன்றிற் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பூச்செண்டை உயர்த்திக் காட்டினான். விலை கேட்டோம், அதிகமென்று பட்டது. "அடுத்த வளைவிற் பார்ப்போம்" என்று விளையாட்டாகச் சொல்லி வண்டியைச் செலுத்தினோம். வீதி பாம்பு போல் வளைந்து இறங்க, அவன் தேயிலைச் சரிவினூடே நேரே ஓடி, அடுத்த வளைவில் நமக்கு முன்னே நின்றான்! பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தனர். நாமும் சிரித்துக்கொண்டே நிறுத்தாமற் போனோம். மூன்றாம் வளைவிலும் நின்றான். நாலாம் வளைவில் அவன் சரிவிலிருந்து வீதியிற் குதித்தபோது எதிரே ஒரு பஸ் வந்தது. மயிரிழையில் தப்பினான்.

வண்டியை ஓரத்தில் நிறுத்தி இறங்கினோம். நமது கை நடுங்கியது. அவனோ மூச்சிரைக்க, இதழ் பாதி உதிர்ந்த செண்டை நீட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, ஏன் இப்படி ஓடுகிறாய்?" என்று நமது மூத்த மகள் கேட்டாள்.

"ஐயா அடுத்த வளைவில வாங்கிறன்னு சொன்னாங்களே, அக்கா" என்றான்.

அவன் நமது சொல்லை மெய்யென்று நம்பியிருந்தான். லயத்து வாசலிலே தாய் நட்டு வளர்த்த பூக்களாம் அவை. அவள் கொழுந்து பறிக்கப் போகும் நாட்களில் இவன் பூவோடு வீதிக்கு வருவானாம். கேட்ட விலையைக் கொடுத்தோம். "இனிமேல் ஓடாதே" என்றும் சொன்னோம். ஆனால் அந்தப் புத்திமதி அவனுக்குரியதா, நமக்குரியதா?

வாசகர்களே, அவ்வீதியாற் செல்லும்போது பூ வேண்டுமாயின் முதல் வளைவிலேயே, வண்டியை வீதியோரம் நிறுத்தி வாங்குங்கள். வேண்டாவிடின், அதனை முகத்துக்கு நேரே தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் ஓட்டத்தை நமது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக்காதிருப்போம்.

வாங்கிய பூக்கள் கொழும்பு வெயிலில் மூன்றாம் நாளே வாடிவிட்டன. மகள் அவற்றை எறிய மனமின்றி இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தாள். நாமும் எறியச் சொல்லவில்லை.