கடலைத் தடுப்பது ஆறே

ஆற்றுநீர் கடலில் கலந்து வறிதே வீணாகின்றது என்னும் கூற்றை மேடைகளிலும் நாளிதழ்களிலும் ஓயாது கேட்டு வருகின்றோம். பன்முறை கேட்டதனாலேயே அது மெய்போலாகிவிட்டது. பிழையான கூற்று அது. ஐயமுடையார் அடையாற்றுக் கழிமுகத்திற்கு ஒருநாள் மாலை வந்து பார்க்கட்டும்.

மயிலைக்குத் தெற்கே, சீனிவாசபுரத்திற்கும் பெசன்ட்நகருக்கும் இடையே அடையாறு கடல்புகும் இடத்தில், 1977இல் வெள்ளம் உடைத்த பாலம் இன்றும் முறிந்தபடி நிற்கின்றது. ஆறு ஒருகால் எத்துணை வலியோடு கடலை முட்டிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. 2015 திசம்பர்த் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டபோதும் அவ்வலியைக் கண்டோம், கண்டு கலங்கினோம். ஆயினும் அவை சின்னாள் நிகழ்ச்சிகள். மழைத்திங்கள் கழிந்தபின் ஆற்றில் வருவது பெரும்பாலும் நகரத்துச் சாக்கடையே. அலைகள் குவிக்கும் எக்கரை அறுத்துச் செல்லும் வலி அதற்கு ஏது? கழிமுகம் அடைபடுகின்றது, பொறிகளைக்கொண்டு மணலை அள்ளி வழி திறக்கின்றனர், திறந்த வழியே உவாநாள் ஓதத்தில் கடல் ஏறுகின்றது. எதிர்நிற்க நன்னீர் இன்மையின் திரு.வி.க. பாலத்தையும் கடந்து உட்செல்கின்றது.

(எக்கர், ஓதம், உவா, கழி என இத்துணைச் சொற்களைப் பழந்தமிழர் நமக்கு வைத்துச் சென்றிருக்க, நம் பிள்ளைகளின் பாடநூல் 'முகத்துவாரம்' என்றே எழுதிக்கொண்டிருக்கின்றது.)

உவர்நீர் நன்னீரினும் எடைமிக்கது. ஆகலின் அது மேலே பரவாது, ஆற்றின் அடியில் ஆப்புப்போல் நுழைகின்றது. மேல்நீரை அள்ளிச் சுவைப்பவன் கடல் வந்ததை அறியான். அடையாற்றில் இன்று சுவைத்துப் பார்க்கத் துணிவார் யார் என்பது வேறு! அடியில் வாழும் மீனோ உடனே அறியும். மீனின் குருதியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு உண்டு. நன்னீரில் அரைக்கிராமும் இல்லை. கடல்நீரிலோ 35 கிராம். விராலும் கெண்டையும் தம் உடலினும் உப்புக் குறைந்த நீரில் வாழப் பிறந்தவை. அவற்றின் உடலுள் நீர் இடையறாது ஊறிப் புகும். அதனைச் சிறுநீராய் வெளியேற்றிச் செவுள்வழியே உப்பை ஈர்த்துக்கொள்ளும். உவர் சூழ்ந்தால் யாவும் தலைகீழாகும். உடலின் நீர் வெளியே உறிஞ்சப்படும். நீருக்குள் இருந்தே மீன் வறண்டு சாகின்றது. ஓடித் தப்பலாமெனின் மேலாற்றிலோ உயிர்வளியற்ற சாக்கடை.

கடல்நீரே கேடென்று யாம் கூறவில்லை. மடவைக்கும் கொடுவாவுக்கும் இறாலுக்கும் கழியின் கலப்புநீர் தாய்மடி. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்வது. கழிமுகம் என்பது இருநீரும் கூடும் இடம். இரண்டில் ஒன்று மறைந்தால் அது கடலின் வால்தான். அங்கே எஞ்சி நிற்கக் கூடியது எது? 1952இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய சிலேபிக் கெண்டை. உப்பையும் அழுக்கையும் ஒருங்கே தாங்கும் வந்தேறி அது. தெரிந்த மூன்று மீன்களின் பெயர் கூறுமாறு வகுப்பில் ஒருமுறை கேட்டேன். முதலில் எழுந்த விடை சிலேபி. பாண்டியன் கொடியிலிருந்த கயலை ஒருவனும் கூறவில்லை. மொழியில் நேர்ந்ததே நீரிலும் நேர்ந்திருக்கின்றது.

இது சென்னைக்கு மட்டும் வந்த நோயன்று. கங்கையில் பரக்கா அணை 1975இல் இயங்கத் தொடங்கியபின், வங்காளநாட்டின் தென்மேற்கு ஆறுகளில் கோடைதோறும் உவர் மேலேறிற்று. காவிரிக்கு வருவோம். நடுவர் மன்றம் 2007இல் பங்கிட்ட 74,000 கோடிக் கனஅடியில், சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கியது 1,000 கோடி. கடலிற் சேர்வது தவிர்க்கவியலாதெனக் கழித்தது 400 கோடி. ஆற்றுக்கென்று கிடைத்தது அவ்வளவே. கருநாடகத்திடம் நம் உரிமைநீரைக் கேட்கும் நாமும், வந்தநீரில் ஒரு துளியேனும் கடல்சேர்ந்தால் பதறுகின்றோம். அடையாற்றுக்கோ அந்தச் சிறு பங்கும் எழுதப்படவில்லை. தொல்காப்பியர் பெயரால் 2011இல் அதன் கழியோரம் 58 ஏக்கரில் பூங்கா திறந்தோம், மகிழ்ச்சியே. பூங்காவுக்குப் பெயர் கொடுத்த நாம் ஆற்றுக்கு நீர் கொடுத்தோமில்லை.

மாந்தர்க்கே குடிநீர் இல்லாதபோது மீனுக்கு ஏது நீர் என்பர். நேர்மையான வினாவே. ஆனால் மாந்தர் பயன்படுத்திய நீர் எங்கே போகின்றது? அதனை முற்றத் தூய்மைசெய்து ஆற்றிலே விடுவராயின் ஆண்டு முழுதும் ஓடும் நன்னீர் அதுவேயாகும்; புதிதாய் ஓர் ஏரியும் வேண்டா. அதனோடு, செம்பரம்பாக்கத்து நீர்த்திறப்புக் கணக்கில் குடிநீர், தொழிற்சாலை என்னும் வரிகளின்கீழ் 'ஆற்றுக்கு' என ஒரு வரியும் சேர்க்கப்படல் வேண்டும் என்பதே யாம் அரசிடம் கேட்பது.