ஊட்டிக்கு ஒரு கடன்

ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் ஆம்பூர் நண்பர் ஒருவர் மே மாதக் கடைசியில் ஊருக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவு. வந்த நாலாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். ‘‘நீ பி.காம். படிச்சவன்தானே? ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுப்பா. அஞ்சு பேர், மூணு நாள், ஊட்டி. முப்பதாயிரத்துக்குள்ள முடிச்சிடலாமா?’’

போட்டோம். வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, வழியெல்லாம் டோல்கேட். ஆம்பூரிலிருந்து கிருஷ்ணகிரி, சேலம், மேட்டுப்பாளையம் என்று போனால் போகவே முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. சீசன் ரேட்டில் இரண்டு ரூம். படகுக்கு, பூங்காவுக்கு, குதிரைக்கு, குதிரைமேல் உட்கார்ந்து எடுக்கும் போட்டோவுக்குத் தனித்தனி காசு. திரும்பும்போது சொந்தக்காரர்களுக்கு வர்க்கியும் தைலமும். முப்பது, நாற்பதைத் தாண்டி ஓடியது. ‘‘சரி, மச்சான்கிட்ட பத்து வாங்கிக்கறேன். அங்க போய் அனுப்பிடலாம்’’ என்றார்.

பாலைவனத்தில் உழைத்துச் சம்பாதிக்கிற மனுஷன், ஊருக்கு வந்து குளிர் வாங்கக் கடன் வாங்குகிறார். இது எந்த ஊர் நியாயம் சார்?

‘‘ஏலகிரிக்குப் போங்களேன்’’ என்று மெதுவாகச் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. ‘‘என்னண்ணா நீங்க? பேரு பெத்த பேரு, சவுதி! அங்கேர்ந்து வந்துட்டு ஏலகிரிக்கா போவாங்க? அது பசங்க ஞாயித்துக்கெழம பைக்ல போயிட்டு வர்ற எடம். எங்க நாத்தனார் போன வருஷமே ஊட்டி போயிட்டு வந்துட்டாங்க.’’

ஆக, இந்தப் பயணத்தின் நிஜமான பயணி யார் என்று புரிந்துவிட்டது. வேனில் ஏறாத அந்த நாத்தனார்தான். மூன்று நாள் போட்டோவும் அவருக்காகத்தான் எடுக்கப்படும்.

ஊட்டிக்காரர்களே நம்மைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும் நிலைமை. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-ம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அதுவும் போதாமல் 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பு கட்டினார்கள். மலை தாங்காது என்று கோர்ட்டே சொல்கிறது. நாம்தான், நாத்தனார் தாங்கமாட்டார் என்று பயப்படுகிறோம்.

இந்தப் பஞ்சாயத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சம்பாதிக்கிற ஆளுக்கு என்ன வேண்டும்? சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய வெயில் அது. அதிலிருந்து வந்தவரை முதலில் தூங்க விடுவோம் என்று யாருக்காவது தோன்றுகிறதா? வந்த மறுநாளே வீட்டுக்கு ஒயிட்வாஷ், தங்கை மகள் சடங்கு, மூன்று கல்யாணம், அப்புறம் டூர். அரசு ஊழியருக்காவது ஊர் சுற்ற எல்.டி.சி. உண்டு. இவருக்குச் சொந்த எல்.டி.சி. சொந்த பாக்கெட்தான்.

நான் கேட்டேன். ‘‘ஊட்டிய விடுங்க. உங்களுக்கு எங்க போகணும்?’’

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘‘சாயந்தரமா ஆத்துல போய் உக்காரணும்பா. எங்கப்பா சொல்வாரு, மணல்ல கையால தோண்டினா தண்ணி வரும், அதைக் குடிப்போம்னு.’’

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதுதான் இந்த மண்ணின் சிக்கனமான கோடை வாசஸ்தலம். டிக்கெட் இல்லை, ரூம் இல்லை, இ-பாஸ் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று வரிசையாக எல்லா ஊருக்கும் வாசலில் ஒரு பாலாறு. வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆற்றிலும் 2021 நவம்பரில் ஊரே பயந்து ஓடுகிற அளவுக்கு வெள்ளம் போனது. ஆனால் தண்ணீர் இல்லாததைவிடப் பெரிய வியாதி ஒன்று அந்த ஆற்றுக்கு இருக்கிறது.

முன்பெல்லாம் இங்கே ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதப்படுத்தினார்கள். 1970-களில் அரைகுறையாகப் பதப்படுத்திய தோலின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டு, முழுசாக முடித்த தோலையும் ஷூவையும் அனுப்பச் சொன்னது. டாலர் வந்தது. கூடவே குரோமியமும் வந்தது. கழிவு ஏரிக்கும் ஆற்றுக்கும் போய், கிணறு உப்பாகி, நிலம் வெளுத்துப் போன கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த லாபத்தைப் பார்த்தாலும் எந்தச் செலவை எழுதாமல் விட்டார்கள் என்று தேடுவான். இந்த பெல்ட்டின் நாற்பது வருஷ லாப நஷ்டக் கணக்கில் ‘ஆறு’ என்று ஒரு செலவுத் தலைப்பே கிடையாது. எழுதாமல் விட்டால் செலவு மறைந்து போய்விடுமா? வேறொருவர் நோட்டில் ஏறும். கேன் தண்ணீராக ஏறும். டாக்டர் பில்லாக ஏறும். என் நண்பர் மச்சானிடம் வாங்கப்போகிற பத்தாயிரத்திலும் அதன் ஒரு பங்கு இருக்கிறது.

‘கெடுத்தவனே கட்டணும்’ என்பது இந்த நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் உரக்கச் சொன்னதே நம்ம வேலூர் வழக்கில்தான். 1996 ஆகஸ்ட் 28. டேனரிகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் அந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம்? 2025 ஜனவரி 30-ல் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாறுக்காக மறுபடி தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, கெடுத்தவர்களிடம் வசூல் பண்ணு, ஆற்றைச் சுத்தம் செய் என்று. இருபத்தெட்டு வருஷம்! முதல் தீர்ப்பு வந்த அன்று பிறந்த குழந்தை இன்று கல்ஃபில் இருக்கும்.

உடனே, ‘அப்போ டேனரியை மூடச் சொல்றியா?’ என்று சண்டைக்கு வராதீர்கள். மூடச் சொல்லவில்லை. காலையில் கிராமம் கிராமமாக பஸ் வந்து பெண்களை ஷூ கம்பெனிக்கு ஏற்றிப் போவதை தினமும் பார்க்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தச் சம்பளம் வேண்டும். ஆனால் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு எங்கே போய்க் காற்று வாங்குவாள்? சவுதி சம்பளத்துக்கே ஊட்டி கடன் என்றால் அவள் சம்பளத்துக்கு?

சரி, ஆறு திரும்பும்வரை நண்பர் காத்திருக்க முடியாது. லீவு தீர்ந்துவிடும். நான் சொன்ன யோசனை இது. மே கடைசி வாரத்தை விட்டுவிடுங்கள். ஜூனில் ஸ்கூல் திறந்து பத்து நாள் போகட்டும். ரூம்காரர்கள் இறங்கி வருவார்கள். வெள்ளிக்கிழமை ஒருநாள் பிள்ளைகளுக்கு லீவு சொல்லுங்கள், ஒன்றும் குடி முழுகாது. 2025 செப்டம்பரில் 7,500 ரூபாய்வரையுள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதைவிட்டுப் பழைய வரியில் பில் போட்டால் சண்டை போடுங்கள்.

ஏலகிரி ஆம்பூரிலிருந்து காலை டிபன் ஜீரணமாவதற்குள் போய்ச் சேரும் தூரம். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ. ஊட்டிக் குளிர் கிடைக்காது, உண்மை. ஊட்டி உயரத்தில் பாதிதான். கோடையில் ஜலகம்பாறையில் அருவியைத் தேடவும் வேண்டாம். மழை பெய்தால்தான் அது அருவி. ஆனால் புங்கனூர் ஏரிக்கரையில் சாயங்காலம் சும்மா உட்காரலாம். அந்தச் ‘சும்மா’தான் அவருக்கு வேண்டியது.

ஒருநாள் மிச்சமிருந்தால் ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்து, அந்த வானாய்வகத்துக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். ஊட்டி வரைக்கும் போய் ரோஜாப்பூ பார்த்த ஆம்பூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் பக்கத்து மலையில் இருக்கும் இதைப் பார்த்திருக்கிறார்கள்? என் வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஏலகிரியிலும் இப்போது வளைவுக்கு வளைவு பீர் பாட்டில் உடைந்து கிடக்கிறது. கபிலர் வளைவு, பாரி வளைவு என்று பெயர் வைத்தவர்கள் ஒரு குப்பைத் தொட்டியும் வைத்திருக்கலாம். ஆற்றுக்குச் செய்ததை மலைக்கும் செய்து முடித்தால், அடுத்த தலைமுறை லீவில் வந்து எங்கே போகும் என்று தெரியவில்லை.

நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஊட்டிக்குத்தான் போனார். குன்னூருக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் டிராஃபிக்கில் நின்றதாகவும், வேனிலேயே நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னார். மச்சானின் பத்தாயிரத்தில் நாலு அனுப்பியாகிவிட்டது. நாத்தனார் வீட்டில் அடுத்த வருஷம் மூணாறு என்று பேச்சு அடிபடுகிறதாம்.